படம் ஒட்டுவதா குடிமைக் கல்வி?

ஆண்டுதோறும் தமிழகத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு சடங்கு நிகழ்ந்து வருகின்றது. குடிமையியல் செயல்திட்டம் என்பது அதற்கிட்ட பெயர். 'நாடாளுமன்றம்', 'தேர்தல்', 'நாட்டுத் தலைவர்கள்' என்று ஆசிரியர் தலைப்புக் கொடுப்பார். மாணவன் எழுதுபொருள் கடைக்கு ஓடுவான். தலைப்பைச் சொன்ன அளவிலேயே கடைக்காரர் அதற்குரிய படத்தாளை உருவித் தருவார். தாய் வெட்டிக் கொடுப்பாள்; தந்தை ஒட்டிக் கொடுப்பார்; அக்கை வண்ணக்கோலால் தலைப்பெழுதிக் கொடுப்பாள். சற்றுப் பொருள் படைத்த வீடாயின், தெர்மோக்கோல் அட்டையில் நாடாளுமன்றமே எழும்பி நிற்கும். ஆசிரியர் ஏட்டின் உள்ளே புகாமல் மேலட்டையின் அழகுக்கு மதிப்பெண் இடுவார். ஆண்டிறுதியில் அத்தனையும் பழந்தாள் கடைக்கு எடைக்குப் போகும்.

இதனால் மாணவன் கற்றது யாது? பசை தடவக் கற்றான், வேறொன்றும் கற்றானல்லன். அவனை நிறுத்தி, உன் ஊராட்சி அலுவலகம் எத்தெருவில் உள்ளது என்று கேட்டால் விழிப்பான். உன் தெருக் குடிநீர்த் தொட்டிக்குப் பணம் தந்தது ஊராட்சியா, ஒன்றியமா, மாநில அரசா என்று கேட்டால் தலையைச் சொறிவான். குடியரசுத் தலைவர்களின் பெயர்களை வரிசை பிறழாமல் ஒப்பிப்பவன், தன் ஊர் நிலக்கணக்கு யார் கையில் இருக்கின்றதென்று அறியான். தில்லிக் கட்டடத்தைத் தூண் தூணாக ஒட்டியெடுப்பவன், தான் அமர்ந்திருக்கும் வகுப்பறைக் கூரைக்கு உறுதிச் சான்று உண்டா என்று அறியான். பத்தாம் வகுப்பில் இருக்கும் இப்பிள்ளை இன்னும் மூன்றாண்டில் வாக்காளன் ஆவான். 1988ஆம் ஆண்டில் நிறைவேறிய 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம், வாக்குரிமைக்குரிய அகவையை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. அகவையைக் குறைத்தவர்கள், அவ்வகவைக்குள் அறிவை நிறைப்பதற்குச் செய்தது என்ன?

இக்குறை ஆணையில்லாமையால் நேர்ந்ததன்று. 2012–13ஆம் கல்வியாண்டில் தமிழக அரசு எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையைக் கொணர்ந்தபொழுது, 100 மதிப்பெண்ணில் 40ஐச் செயல்வழிக் கற்றலுக்கும் சிறு தேர்வுகளுக்குமாக ஒதுக்கியது. நோக்கம் நன்றே. விளைந்ததோ படத்தாள் வாணிகம். பத்தாம் வகுப்பிலோ அந்த நோக்கமும் இல்லை. அறிவியலுக்கேனும் செய்முறைத் தேர்வு உண்டு. குமுக அறிவியலுக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வே. ஆட்சி என்பது செய்முறையே இல்லாத பாடம் போலும்! உப்பையும் காடியையும் கலந்து பார்க்கப் பள்ளியில் ஆய்வகம் உண்டு. ஊரையும் ஆட்சியையும் உரைத்துப் பார்க்க ஒரு நாழிகை இல்லை.

குடவோலைப் பெருமை பேசாத குமுக அறிவியல் ஆசிரியர் அரியர். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அப்பெருமைக்கு அடிப்படை. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்ததும், குடும்புதோறும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்ததும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியன அமைத்ததும் உண்மையே. ஆயினும் வகுப்பறையில் அக்கல்வெட்டுப் போற்றப்படுகின்றதேயன்றிப் படிக்கப்படுவதில்லை. படித்தால் இரண்டு செய்திகள் வெளிப்படும். ஒன்று, யாருடைய பெயர் ஓலையில் ஏறும் என்பது. இறை செலுத்தும் கால்வேலி நிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேத அறிவும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை. அது பார்ப்பன ஊரின் அவை. அந்நிலத்தை உழுதவனுக்கு ஆங்கே ஓலை இல்லை. பெண்டிர்க்கும் ஓலை இல்லை. மற்றொன்று, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும் அவனைச் சார்ந்த உறவினரும் ஓலையேறத் தகுதியற்றவர் என்பது. இவ்விரண்டையும் மாணவர் முன் வைத்து, இன்றைய சட்டத்தில் முன்னது எவ்வளவு மாறியுள்ளது, பின்னது எவ்வளவு தளர்ந்துள்ளது என்று ஒப்பிட்டு எழுதச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்?

இன்னும் ஒரு செய்தி உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவன் யார்? ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். ஓலையில் உள்ளது இன்னதென்று அறியாமையே அவனுக்குரிய தகுதி. சூழ்ச்சியைத் தவிர்க்க அன்று செய்த ஏற்பாடு அது, அதில் பழுதில்லை. ஆனால் 1100 ஆண்டுகள் கழிந்த பின்னும், குடிமையியல் வகுப்பு தமிழ்ப் பிள்ளையை அதே அறியாச் சிறுவனாகவே குடத்தருகில் நிறுத்தி வைத்திருக்கின்றது. கையை விட்டு எடு. உள்ளே இருப்பதைக் கேளாதே என்பதுதான் இன்றைய பாடம்.

இது மிகைக் கூற்று என்பார் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க. 1992இல் நிறைவேறி 1993 ஏப்பிரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சியின் காலம் ஐந்தாண்டு என்றும், அக்காலம் முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. தமிழகத்து உள்ளாட்சிகளின் காலம் 2016 அத்தோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் நிகழ்ந்ததோ 2019 திசம்பரில். எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அத்தோபரில். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 சனவரியில் முடிந்தபொழுதும் தேர்தல் வரவில்லை. மீண்டும் தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டனர். 2017இல் தேர்வெழுதிய மாணவன், ஊராட்சியின் காலம் எத்தனை ஆண்டு என்ற வினாவுக்கு 'ஐந்து' என்றெழுதி முழு மதிப்பெண் பெற்றிருப்பான். அவன் ஊரிலோ தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை! விடைத்தாளில் ஊராட்சி உண்டு, ஊரில் இல்லை. இம்முரணை அவனுக்குக் காட்டாத கல்வி, கல்வியன்று, கண்கட்டு.

பிற இடங்களில் இப்பாடம் எவ்வாறு நடக்கின்றது என்று காண்க. அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்தில் ஐட்சுடவுன் உயர்நிலைப் பள்ளி என ஒன்று உண்டு. அதன் ஆட்சியியல் வகுப்பு மாணவர்கள், குடியுரிமைப் போராட்டக் காலத்தில் கருப்பின மக்கள் மீது நிகழ்ந்து இன்னும் துலங்காத கொலைகளைப் பற்றி ஆராயப் புகுந்தனர். அரசிடம் கோப்புகளைக் கேட்டனர். கிடைத்தவற்றுள் கரி பூசி மறைத்த பக்கங்கள் பல. அவர்கள் அதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கைகழுவவில்லை. அக்கோப்புகளை மக்களுக்குத் திறந்துவிடுமாறு ஒரு சட்ட முன்வரைவையே எழுதினர். ஓர் ஆண்டு மாணவர் விட்ட இடத்தில் மறு ஆண்டு மாணவர் தொடர்ந்தனர். பேராய உறுப்பினர்களை நேரிற் சென்று கண்டனர். 2018 இறுதியில் ஈரவைகளும் அதனை ஏற்றன. 2019 சனவரியில் அது சட்டமாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் எழுதியது நாட்டுச் சட்டம் ஆனது.

அந்நாட்டிலேயே, 1982இல் தெக்சாசுப் பல்கலைக்கழக மாணவர் கிரகோரி வாட்சன் தம் ஆட்சியியல் வகுப்பிற்கு ஒரு கட்டுரை எழுதினார். பேராய உறுப்பினர்களின் ஊதியம் பற்றி 1789இல் முன்மொழிந்து கிடப்பில் விட்ட திருத்தம் இன்னும் உயிரோடு உள்ளது, மாநிலங்கள் ஏற்றால் நிறைவேறும் என்பது அதன் கருத்து. ஆசிரியர் அதற்கு இட்டது மூன்றாந்தர மதிப்பெண். அவர் சோரவில்லை, மாநிலச் சட்டமன்றங்களுக்கு மடல் மேல் மடல் எழுதினார். 1992இல் அது 27ஆம் திருத்தமாக அரசியலமைப்பில் ஏறியது. பல்கலைக்கழகம் 2017இல் அம்மதிப்பெண்ணை முதல் தரமாகத் திருத்தியது. மதிப்பெண் இடும் கைகள் அனைத்தும் இதனை நினைவிற் கொள்க.

அமெரிக்காவைப் போற்றுவதற்காக இவை கூறப்படவில்லை. அவ்வரசு மறைத்ததைத்தான் அப்பிள்ளைகள் தோண்டினர். இந்நாட்டிலும் சான்றுகள் உண்டு. இராசசுத்தானின் சிற்றூர்களில் 1994 முதல் உழைப்பாளர்கள் பொது மன்றம் கூட்டி, அரசுப் பணிகளின் கூலிப் பட்டியலை உரக்கப் படித்தனர். பட்டியலில் பெயர் உள்ளவர், தாம் அப்பணிக்குச் சென்றதே இல்லை என்று எழுந்து நின்று சொன்னார்கள். அக்குரலே வளர்ந்து 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. அதற்கு முன்பே, 1997இல், இத்தகைய சட்டத்தை இந்திய மாநிலங்களுள் முதன்முதல் இயற்றியது தமிழ்நாடு. பயன்படுத்தக் கற்பிக்காத முதன்மையால் யாது பயன்? 2012இல் இலக்குனோ நகரத்துப் பத்து அகவைப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, காந்தியார்க்கு நாட்டுத் தந்தை என்ற பட்டம் எந்த ஆணையால் வழங்கப்பட்டது என்று தலைமையமைச்சர் அலுவலகத்தைக் கேட்டாள். அவ்வினா அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. அத்தகைய ஆவணம் ஒன்றும் இல்லை என்பதே இறுதியில் வந்த விடை. பத்து அகவையில் ஒருத்தி ஓர் அரசை ஏடு புரட்ட வைத்தாள். பதினைந்து அகவைத் தமிழ்ப் பிள்ளைகளைப் படம் ஒட்ட வைப்பவர்கள் இதற்கு நாண வேண்டாவா?

ஆயின், என்ன செய்வது என்று கேட்கும் ஆசிரியர்க்கு, ஓராண்டில் ஒரு வகுப்பு செய்து முடிக்கத்தக்க ஐந்து செயல்திட்டங்கள் இங்கே வரிசைப்படுத்தப்படுகின்றன. இவற்றுக்குப் படத்தாளும் பசையும் வேண்டா. ஏடும் எழுதுகோலும் போதும்.

முதலாவது, பள்ளியின் சான்றுகள். 2004 சூலை 16ஆம் நாள் குடந்தையில் (கும்பகோணத்தில்) ஒரு பள்ளியில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அக்குழந்தைகள் படித்த கட்டடத்தின் தகுதியைக் கேட்கும் கடமை யாருடையதாக இருந்தது? கேட்டவர் யார்? கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீத்தடுப்புச் சான்று, நலவழிச் சான்று ஆகிய நான்கும் தம் பள்ளிக்கு உண்டா, எந்த அலுவலகம் தந்தது, எந்நாளில் காலம் முடிகின்றது என்று மாணவர் கண்டு எழுதுக. எத்துறைக்கு எவ்வதிகாரம் என்பதைப் பாடநூலின் பத்துப் பக்கங்களைக் காட்டிலும் இந்நான்கு தாள்கள் தெளிவாகக் கற்பிக்கும்.

இரண்டாவது, ஊரவை (கிராம சபை). சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அத்தோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் தமிழகத்தில் ஊரவை கூடுதற்கு வகுக்கப்பட்டுள்ளன. மாணவர் வாக்காளர் அல்லர். ஆதலின் பேச வேண்டா, ஒரு புறத்தே அமர்ந்து குறிப்பெடுக்கலாம். முன்னறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டது? எத்தனை பேர் வந்தனர்? பெண்டிர் எத்தனை பேர் பேசினர்? சேரியிலிருந்து எத்தனை பேர் வந்தனர். அவர்கள் அமர்ந்தது எங்கே? வரவு செலவு உரக்கப் படிக்கப்பட்டதா? முன் கூட்டத் தீர்மானங்களுள் நிறைவேறியவை எத்தனை? இவ்வினாக்களுக்கு விடை எழுதிய ஏடு, மறு கூட்டத்திற்கும் கொண்டு செல்லப்பட வேண்டும். ஓராண்டு முடிவில் அவ்வேடு அவ்வூராட்சியின் உண்மை வரலாறு ஆகும்.

மூன்றாவது, பத்து உருபா வினா. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 உருபாக் கட்டணத்துடன் ஒரு குடிமகன் அரசு அலுவலகத்தைக் கேட்கலாம். 30 நாளில் விடை தரல் வேண்டும். ஏன் கேட்கின்றாய் என்று வினவ அலுவலர்க்கு உரிமை இல்லை. விடை வாராவிடில் அவ்வலுவலகத்தின் மேல் அலுவலரிடமும், அதன் பின் தகவல் ஆணையத்திடமும் மேல்முறையீடு செய்யலாம். வினா எழுதுவதே ஒரு கலை. 'எங்கள் சாலை ஏன் கெட்டுக் கிடக்கின்றது?' என்று கேட்டால் விடை வாராது. அது கருத்துக் கேட்பதாகும். 'இச்சாலைக்குக் கடந்த மூன்றாண்டில் ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, பணி முடிவுச் சான்று ஆகியவற்றின் படிகளைத் தருக' என்று கேட்டால் மறுக்க வழி இல்லை. வகுப்பிலுள்ளோர் ஆளுக்கொரு வினா எழுதி, எது ஆவணத்தைக் கேட்கின்றது, எது வெறும் புலம்பல் என்று தமக்குள் ஆய்ந்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்து விடுப்பாராக. தமிழிலேயே எழுதுக. மாநில ஆட்சிமொழியில் கேட்கும் உரிமையை அச்சட்டத்தின் ஆறாம் பிரிவே தருகின்றது.

நான்காவது, வீட்டுக்கு வரும் தாள்கள். ஒரு திங்களில் ஒரு வீட்டுக்கு வரும் தாள்கள் அனைத்தையும் மாணவர் பட்டியலிடுக. மின்கட்டணச் சீட்டு, வைப்பகப் பொத்தகம், காப்பீட்டு ஆவணம், மருந்துறை, வழக்குமன்ற அழைப்பு என ஒவ்வொன்றும் எம்மொழியில் உள்ளது? அதனை விடுத்தது மாநில அரசா, நடுவணரசா, தனியாரா? எச்சட்டத்தால் அம்மொழி வந்தது? தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956ஆம் ஆண்டினது. நடுவணரசின் 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாகவே செல்லும் என்று அவ்விதிகளின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளது. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானம் யாரிடம் சென்றது, ஏன் நின்றது என்று தேடுவோன், மாநில அதிகாரம் எங்கே முடிகின்றது என்பதைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொள்வான்.

ஐந்தாவது, ஊர் ஏரி. தமிழகத்தில் 40 எக்டேரும் அதற்கு மேலும் பாசனம் உடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதனிற் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தம் ஊர் ஏரி எவ்வகை? நிலக்கணக்கில் அதன் பரப்பு எவ்வளவு? இன்று நீர் நிற்பது எவ்வளவு பரப்பில்? இடைப்பட்ட நிலத்தில் இருப்பது எவர் கட்டடம்? அரசின் கட்டடமே அங்கு நிற்கின்றதா? ஏரிக் காப்புக்கும் வளைத்துக் கொண்டோரை நீக்குதற்குமான சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதன்படி இவ்வூரில் செய்தது யாது? ஏரி வாரியத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதும் மாணவன், தன் ஊர் ஏரியின் எல்லையை ஒருமுறையேனும் நடந்து அளக்க வேண்டாவா?

இவற்றைக் கேட்டவுடன் தடை சொல்வோர் மூவர். பள்ளியில் அரசியல் புகுந்துவிடும் என்பார் முதல்வர். கட்சி வேறு, ஆட்சி வேறு. எக்கட்சி ஆண்டாலும் ஏரியின் பரப்பு ஒன்றே; தீத்தடுப்புச் சான்றுக்குக் கட்சி நிறம் இல்லை. கட்சித் தலைவர்களின் படங்களை ஒட்டச் சொல்வது அரசியலன்று, கட்சிக்காரரைக் கணக்குக் கேட்கச் சொல்வது அரசியல் என்பது வேடிக்கையான வழக்கு. தேர்வுக்குக் காலம் போதாது என்பார் இரண்டாமவர். படம் ஒட்டக் கிடைத்த காலம், கேட்டறியக் கிடைக்காதா?

ஆபத்து நேரும் என்பார் மூன்றாமவர். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வினாக் கேட்டதற்காகத் தாக்குண்டோர் இந்நாட்டில் உண்டு. நிலவளைப்புகளைத் தகவல் சட்டத்தால் வெளிக்கொணர்ந்த சதீசு செட்டி 2010இல் புனே அருகில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆதலின் எந்தப் பிள்ளையையும் தனியே முன்னிறுத்துதல் தகாது. வினாக்களைப் பெற்றோர் ஒருவர் பெயரால் விடுக்க. பெற்றோர் இசைவை முன்னரே பெறுக. பள்ளியிலிருந்தும் தெருவிலிருந்தும் தொடங்குக. ஏரியை அளக்கும்பொழுது வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு செல்க. கேட்டால் ஆபத்து என்ற நிலை, கேளாதிருந்தால் நீங்குவதன்று. குடந்தையில் யாரும் கேளாமல்தான் இருந்தனர்.

உண்மையில் அஞ்சுவது பிள்ளைகள் அல்லர், அலுவலகமும் அல்ல, ஆசிரியர் உள்ளத்தின் ஒரு மூலை. ஊரையும் ஆட்சியையும் வினவப் பழகிய மாணவன் நாளை வகுப்பறையையும் வினவுவானே என்பது அவ்வச்சம். வினவட்டும். வினவப்படாத ஆசிரியனும் வினவப்படாத ஆட்சியும் ஒரே குடத்து ஓலைகள்.

வரும் ஊரவை நாளில், தமிழகத்து ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளுள் நூறு ஊர்களிலேனும், கூட்டத்தின் ஒரு புறத்தே ஏடும் எழுதுகோலுமாகப் பத்துப் பிள்ளைகள் அமர்க. அவர்கள் ஒன்றும் பேச வேண்டா. கணக்குப் படிக்க எழும் அலுவலர், அப்பிள்ளைகள் எழுதுவதை ஒருமுறை பார்த்தால் போதும். அடுத்த கூட்டத்திற்கு அவர் கணக்கை எழுதிக்கொண்டு வருவார்.